இத்தா அறைக்குள் கச்சான்

எங்கள் வீடு என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உண்மையில் அது என் மனைவியின் வீடு. கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். என் மனைவி கடைசிப் பெண் என்பதால் மாமாவும் மாமியும் எங்களோடேயே இருந்தார்கள். வீட்டின் எந்த மூலையைத் தொடுவதென்றாலும் மாமாவிடம் ஒரு சொல் கேட்டுத்தான் தொடுவேன். அதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. மாமா நல்ல மனிதர். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி வைக்கட்டும்.

ஆனால் அந்த வீட்டைப் பயத்தில் கட்டிவிட்டார். முன்பு அது தென்னங்கிடுகு வேய்ந்த வீடு. அந்தப் பெரிய சூறாவளியில் கூரை முழுதும் பறந்துபோய், பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொண்டு கலிமாவைச் சொல்லியபடி கிடந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு மாமாவுக்குக் காற்று என்றாலே எதிரிதான். சுவரைத் தாழ்த்திக் கட்டச் சொன்னார். யன்னல்களைச் சிறிதாக்கினார். மேலே அஸ்பெஸ்டஸ் சீட் அடித்தார். உள்ளே தட்டு அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சீட்டின் வயிறு தெரியும். எங்கள் தெருவில் முதல் சீட் வீடு அது. சொந்தக்காரர் வந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இனி எந்தப் புயல் வந்தாலும் பயமில்ல" என்று சொல்லிப் போனார்கள். புயல் மறுபடி வரவில்லை. கச்சான் காற்று வருடா வருடம் வந்தது.

கச்சான் எங்கள் ஊருக்கு மேற்கேயிருந்து, நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்வெளிகளைத் தாண்டி வரும். காய்ந்த வரம்பும் வெடித்த வயலும் கக்கிய சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சாரம் தகடு மாதிரி நிற்கும். கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், கச்சான் அடங்கும் வரை கடற்காற்று கரையோடு நின்றுவிடும். வெயில் ஏறினால் சீட் சுடும். சீட் சுட்டால் அந்தி மஃரிப் தொழுது வந்த பிறகும் தலைக்கு மேல் அடுப்பு எரிகிற மாதிரியே இருக்கும்.

இரண்டு மூன்று கச்சானில் அந்த வீட்டோடு எப்படிச் சீவிக்கிறது என்று படித்துக்கொண்டோம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்தவுடன் எல்லாக் கதவையும் யன்னலையும் திறந்துவிட வேண்டும். வெயில் முற்றத்துக்கு வருமுன் மேற்குப் பக்கத்தை இறுக்கிச் சாத்திவிட வேண்டும். வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். அது காய்ந்துபோனால் சும்மா காற்றைத்தான் மறைக்கும், ஆகவே வீட்டில் ஒருவர் அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோற்றை முற்பகலிலேயே வெளி அடுப்பில் ஆக்கி இறக்கிவிட வேண்டும். பின்னேரம் கடற்காற்று திரும்பியதும் கிழக்கு யன்னலைத் திறந்து, சூடு போவதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு வழி விட வேண்டும். காற்றுக்கு உள்ளே வர ஒரு வாசல் போதாது. வெளியே போகவும் ஒன்று வேண்டும். சூடேறிக் கிடக்கிற சீட்டின் மேல் மட்டும் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது. பக்கத்து வளவில் ஒருவர் ஊற்றி, ஆணி அடித்த இடத்தில் சீட் வெடித்து, மாரியில் ஒழுகி, அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

இப்படி ஒரு மாதிரிக் காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான், எண்பதுகளின் தொடக்கத்தில், கச்சானுக்குச் சற்று முன்னால் மாமா மௌத்தானார்.

மாமி இத்தா இருந்தார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது, மறு கலியாணப் பேச்சுக் கூடாது, தேவையில்லாமல் வெளியே போகக் கூடாது. இதுதான் மார்க்கம். எங்கள் ஊர் அதற்கு மேல் ஓர் அறையைச் சேர்த்தது. அறைக்கு மேல் இருட்டைச் சேர்த்தது. மாமாவின் மையித்தை அடக்கக் கொண்டு போன அன்றே மாமியின் ராத்தா, என் மனைவிக்குப் பெரியும்மா, வேலையைத் தொடங்கிவிட்டார். நடு அறையின் ஒரே யன்னல் கிழக்கே பார்த்தது. அதற்கு அப்பால் ஒழுங்கை, ஆம்பிளைகள் நடமாடுகிற இடம். அந்த யன்னலைச் சாத்திக் கட்டிச் சீலையைத் தொங்கவிட்டார். சுவரின் மேலே சூடு போவதற்கென்று விட்டிருந்த காற்றுத் துவாரங்களில் பழைய துணியைத் திணிக்கச் சொன்னார்.

"அது எட்டாத உசரத்துல இரிக்கி பெரியும்மா. அதுக்குள்ளால ஆரு பாக்கப் போற?" என்று என் மனைவி கேட்டாள்.

"தென்னையில ஏறுறவன் பாப்பான்" என்றார் பெரியும்மா.

எங்கள் பக்கத்தில் தென்னை இருந்தது உண்மைதான். தேங்காய் பறிக்கிறவன் வருவதற்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. துணி அப்படியே இருந்தது.

மாமிக்குப் பிரஷர் இருந்தது. தடித்த உடம்பு. கொஞ்சம் வெயிலில் நின்றாலே முகம் சிவக்கும். அந்த அறையில் வெள்ளைச் சீலையைத் தலையோடு போட்டுக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் மருமகன், மஹ்ரம், மறைப்புத் தேவையில்லாத உறவு. எனக்கு உள்ளே போகத் தடையில்லை. மருதமுனையில் நெசவாகிற சாரம் எடுத்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறது என் தொழில். நடுப்பகல் லுஹருக்கு வீடு வந்தால் முதலில் மாமியைத்தான் எட்டிப் பார்ப்பேன். கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அறையும். பாய் ஈரமாகக் கிடக்கும், அத்தனையும் வேர்வை.

"யன்னலக் கொஞ்சம் தொறப்பமா மாமி?"

"வேணாம் மருமகன். எனக்கு வேர்க்கிற வேர்வையெல்லாம் உங்கட மாமாக்கு நன்மையாப் போகட்டும்."

இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். கோபமும் வந்திருக்கிறது. அல்லாஹ் அப்படிக் கேட்டானா? கேட்காத ஒன்றை அவன் பெயரில் நாமே எழுதிக்கொண்டு, ஒரு வயதுபோன பெண்ணை அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தோம்.

நான் அதிகம் படித்தவனில்லை. குர்ஆன் ஓதத் தெரியும், அர்த்தம் சொல்லத் தெரியாது. அதனால் பள்ளிவாசலில் மௌலவியைக் கேட்டேன். அவர் நான் சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

"காத்து என்ன அந்நிய ஆம்பிளையா? யன்னலுக்கு வெளிய ரெண்டு முழம் தள்ளி ஒரு தட்டி கட்டுங்க. கண்ணுக்கு மறைப்பு, காத்துக்கு வழி. இதுக்கு ஃபத்வா வேணுமா உங்களுக்கு?"

சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியும்மா துப்பிவிட்டுக் கேட்டார்.

"மௌலவி எப்ப இத்தா இருந்தவரு?"

சுற்றியிருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

"சாரம் யாவாரத்த நீங்க பாருங்க மருமகன்" என்றார் பெரியும்மா. "இது பொண்டுகள்ற விசயம்."

சரி, அறைக்குள் எனக்கு இடமில்லை. கூரைக்கு மேலே யாருக்கும் மறைப்பு வேண்டியதில்லை என்று நினைத்தேன். நற்பிட்டிமுனையில் தெரிந்த ஒருவரிடம் புதுக் கிடுகு கட்டுக் கட்டாக வாங்கி வந்து, ஒரு கூட்டாளியோடு விடியற்காலையில் ஏறினேன். சீட்டின் மேல் நேரே மிதிக்காமல், கீழே வளை மரம் ஓடுகிற இடம் பார்த்துப் பலகை போட்டு, நடு அறைக்கு நேரே கிடுகைப் பரப்பிக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். கிடுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் மட்டைக் கம்புகளை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டோம், காற்று ஊடே போகட்டும் என்று. அன்று லுஹருக்கு வந்து உள்ளே ஏணியில் ஏறிச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். கையை வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது. முந்திய நாள் அது முடிந்திருக்காது.

மாமி படுத்திருந்தார். நித்திரை. அவர் பகலில் நித்திரை கொண்டு நான் பார்த்துப் பல நாள். அந்தக் கிழமை முழுதும் அவர் முகத்தில் தெளிவு இருந்தது. ஒருநாள் என்னிடம் மீன் என்ன விலை என்றுகூடக் கேட்டார்.

அப்போதுதான் என் மச்சான் வந்தார். மாமியின் ஒரே மகன், என் மனைவிக்கு மூத்தவர், அவளுக்குக் காக்கா. சவூதியில் வேலை. வாப்பாவின் மௌத்துக்கு வர முடியாமல் போனதால் லீவு கிடைத்தவுடன் ஓடி வந்திருந்தார். அவர் குடியிருப்பது மனைவியின் வீட்டில், சாய்ந்தமருதுப் பக்கம். ஆனாலும் வாப்பா கட்டிய வீடு என்ற உரிமை அவருக்கு இருந்தது. காரை விட்டு இறங்கியவர் வளவு வாசல் கடப்படியிலேயே நின்றுவிட்டார். உம்மாவைப் பார்க்க முன்பே கூரையைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது? எங்கட வாப்பா கட்டின வீட்ட மாடு கட்டுற காலையா ஆக்கி வெச்சிரிக்கீங்க?"

"உம்மாட அறை சூடு மச்சான். அதுதான்..."

"சீட்டுக்கு மேல கிடுகா? ஊரான் சிரிக்க மாட்டானா? மகன் சவூதில இருக்கான், உம்மா கிடுகுக்குக் கீழ கிடக்காண்டு சொல்ல மாட்டானா?"

"கீழ இல்ல மச்சான், சீட்டுக்குக் கீழதான். கிடுகு நிழலுக்கு."

"நிழலா? நான் கொண்டு வந்திரிக்கன் பாருங்க."

காரின் பின்னாலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. ஃபேன். தங்க நிறத் தகடு ஒட்டிய சீலிங் ஃபேன். பார்க்க வடிவான சாமான்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வெக்கையப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க" என்றார். "சவூதி வெக்கையில எரியிறன் நான். அங்க ஏசி போட்டா குளிர்ல நடுங்கும்."

"அங்க ஏசி மச்சான். இது ஃபேன்."

"ரெண்டும் காத்துத்தானே!"

பின்னேரம் கூலிக்கு ஆள் பிடித்துக் கிடுகை இழுத்துக் கீழே போட்டார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். தடுத்திருக்கலாமே என்று இதை வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊரில் மனைவி வீட்டில் இருந்து பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். மாமியைப் பக்கத்து அறையில் இருத்திவிட்டு, நடு அறை வளையில் கொளுக்கி போட்டு ஃபேனைத் தொங்கவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் பெண்கள் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். மாமி மகனின் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நடுப்பகல் உள்ளே போனேன். ஃபேன் சுற்றுகிறது, சுற்றச் சுற்றச் சீட்டோடு ஒட்டிக் கிடந்த கொதிப்பையெல்லாம் மேலேயிருந்து இழுத்து மாமியின் தலையில் இறக்குகிறது. ஃபேன் குளிரை உண்டாக்குகிற சாமான் இல்லை. இருக்கிற காற்றை அடிக்கிற சாமான். அறைக்குள் இருப்பது நெருப்பு என்றால் அது நெருப்பைத்தான் அடிக்கும். யன்னலும் மேல் துவாரமும் திறந்திருந்தால் அதுவே நல்ல உதவி. அடைத்த அறையில் அது கச்சானை வீட்டுக்குள் பிறக்க வைத்தது.

மச்சானிடம் சொன்னேன். "மேல் ஓட்டையில திணிச்ச துணியையாவது எடுப்பம். சூடு போறத்துக்கு வழி இல்லாம ஃபேன் என்ன செய்யும்?"

"ஃபேனக் குறை சொல்றீங்களா?"

"ஃபேன் நல்லம் மச்சான். அறையத்தான் சொல்றன்."

"அறை வாப்பா கட்டினது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மஃரிபுக்குப் பிறகு வேறு கரைச்சல். ஊரெல்லாம் லைட் போட்டவுடன் கரண்ட் வலுவிழந்துவிடும். ஃபேன் முனகிக்கொண்டு, தகட்டை எண்ணலாம் போல மெல்லச் சுற்றும். சீட் பகல் முழுதும் குடித்த சூட்டை இறக்குகிற நேரம் அது. தேவையான நேரத்தில் ஃபேன் இல்லை, ஆகாத நேரத்தில் முழு வேகம்.

பெரியும்மாவுக்கு ஃபேனில் ஒரேயொரு குறைதான் தெரிந்தது. காற்றுக்கு யன்னல் சீலை படபடத்து விலகியது. சட்டங்களுக்கு நடுவே நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. உடனே தடித்த பன்பாய் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, யன்னலின் மேல் நாலு பக்கமும் ஆணி அடிப்பித்தார். சீலையினூடே கொஞ்சம் நஞ்சம் வந்துகொண்டிருந்த கடற்காற்றும் அதோடு நின்றது. குளிருக்கென்று வாங்கிய சாமான் அறையின் கடைசி மூச்சையும் அடைப்பித்தது. இப்படி ஒரு வேலையை வேறு எந்த ஊரில் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மச்சான் கூட்டாளிமாரோடு பொத்துவிலுக்குப் போயிருந்தார். நான் ஜும்ஆத் தொழுது வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மாமிக்கு ஸலாம் சொன்னேன், பதில் இல்லை. கிட்டப் போய்க் கையைத் தொட்டேன். நெருப்பாய்ச் சுட்டது. காய்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பயம். பாயை நனைக்கிற அந்த வேர்வை நின்றுபோயிருந்தது. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார், சொல் குழறியது. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

"காரக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

பெரியும்மா கதவுக்குக் குறுக்கே நின்றார். "இத்தாவில இரிக்கிற பொம்புளய றோட்டால கொண்டு போறதா? மகன் வரட்டும். அவன் வந்து சொல்லட்டும்."

"மகன் வாறத்துக்குள்ள மையித்தத்தான் பாப்பான்!"

"நாக்கக் கடிங்க மருமகன்!"

"ஆபத்துக்கு வெளிய போக மார்க்கத்துல இடமிரிக்கி பெரியும்மா. விலகுங்க."

"ஆரு தூக்கிற? ட்ரைவரா?"

"நான் தூக்கிறன். நான் மஹ்ரம்."

பெரியும்மா நகரவில்லை. அப்போது என் மனைவி, வாழ்க்கையில் பெரியும்மாவுக்கு எதிரே நிமிர்ந்து பார்க்காதவள், அவருடைய தோளைப் பிடித்து ஒருபக்கமாகத் தள்ளினாள்.  நான் மாமியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினேன். உடம்பில் சாக்கு நனைத்துப் போட்டு, வழியெல்லாம் கலிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனோம்.

டொக்டர் பார்த்தவுடன் தண்ணீரும் ஐஸும் கேட்டார். உயிர் தங்கியது, அல்ஹம்துலில்லாஹ். இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. "எங்க வெச்சிருந்தீங்க இவங்கள?" என்று டொக்டர் கேட்டார். 

வார்ட்டில் பெரிய யன்னல்கள், எல்லாம் திறந்தே கிடந்தன. நல்ல காற்று. போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஆம்பிளைகள்: சாப்பாடு கொண்டு வருகிறவர், கட்டில் தள்ளுகிறவர், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர். ஒரு தேங்காய்ப் பறிகாரனின் கண்ணுக்குப் பயந்து மூடி வைத்த பெண், இத்தாவின் மிச்ச நாளில் பாதியை ஊர்ச் சந்தி மாதிரியான அந்த வார்ட்டில் கழித்தார். அல்லாஹ் மன்னிப்பவன். அவரை அங்கே கொண்டு போய் விட்டது அந்த அறைதான்.

மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். உம்மாவின் காலைப் பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். அதில் பொய் இல்லை. அழுது முடித்து வெளி விறாந்தையில் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்:

"நான் ஃபேன் போட்டுக் குடுத்திட்டுத்தானே போன? மறுகா எப்படி இப்பிடி? கூரைல ஏறி மிதிச்சாங்கதானே, சீட் எங்கயோ வெடிச்சிரிக்கும். அதால வெக்க இறங்கியிரிக்கும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மனைவியும் நின்றாள். அவள் தன் காக்காவைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "எனக்குத் தெரியுந்தானே என்ன நடந்தண்டு" என்றாள்.

"எனக்குத் தெரியிறதும் ஒனக்குத் தெரியிறதும் ஊருக்குக் காணாது" என்றேன். இந்தப் பேச்சு எங்களுக்குள் இன்றுவரை முடியவில்லை. அவள் பெரியும்மாவைத் தள்ளிய கையை நான் மறக்கவில்லை. அந்த விறாந்தையில் மூடியிருந்த வாயையும் மறக்கவில்லை.

லீவு முடிந்து மச்சான் போய்விட்டார். கூரையில் ஏறிய மருமகன் என்ற பெயர் எனக்கு ஊரில் நிலைத்துவிட்டது. கலியாண வீட்டில், கந்தூரியில், யாராவது ஒருவர், "சீட் வெடிச்ச இடத்தக் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்பார். சீட் வெடிக்கவில்லை. அடுத்த மாரியில் நடு அறையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதை யாரும் வந்து பார்க்கவில்லை.

மாமியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளுக்கு முந்திய நாள், சுவரோடு ஏணியைச் சாய்த்து, காற்றுத் துவாரத்தில் திணித்த துணிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தேன். குறட்டால் பன்பாயின் ஆணிகளைக் கழற்றினேன். மௌலவி சொன்ன மாதிரி யன்னலுக்கு வெளியே தள்ளிக் கிடுகுத் தட்டி கட்டினேன். கண்ணுக்கு மறைப்பு, காற்றுக்கு வழி. யாரிடமும் கேட்கவில்லை. பெரியும்மா முற்றத்தில் நின்று பார்த்தார்.  கிழவிக்கும் அன்று வயது கூடிவிட்டது போலிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம், அஸருக்குப் பிறகு, மாமியை நடு அறையில் ஒரு கட்டில் போட்டுக் கிடத்தினோம். கச்சான் தணிந்து கடற்காற்று வந்துகொண்டிருந்தது. யன்னலால் நுழைந்து, மாமியின் நெற்றி மயிரை விலக்கி, மேல் துவாரத்தால் போனது. அந்த அறையில் அப்படி ஒரு காற்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஃபேன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியின் கண் யன்னலுக்குப் போனது. தட்டிக்கு மேலே கையளவு வானம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பேச வாய் வரவில்லை. வேலை செய்கிற வலது கையை மெல்ல உயர்த்தி, சீலைத் தலைப்பைத் தேடிப் பிடித்து, இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

காற்று சீலையைத் தூக்கியது. அவர் திரும்பவும் இழுத்து மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே நடந்தது. என் மனைவி, "சாத்துவமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். தொழுகைப் பாயை எடுத்து விரித்து, மாமி படுத்திருந்த கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவே மறைப்பாக உட்கார்ந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை ஓதிக்கொண்டிருந்தேன். மாமி முகத்தைத் திறக்கவில்லை.